குரோவுக்கு இருபத்து நான்கு அவுன்ஸ்

காலை ஒன்பது மணிக்கு டிரெசர் ஐயா நாய்க்கு இறைச்சி நிறுக்க உட்காருவார். ஒன்பது என்பது அப்போது ஊரைப் பிடித்துவைத்திருந்த ஜப்பான்காரன் கடிகாரம். எங்கள் பழைய கணக்கில் அது ஏழரை. அவரிடம் யாராவது மணி கேட்டால், "அவங்க மணியா, நம்ம மணியா?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் சொல்வார். தன் கைக்கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் பிந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் விடுவார். அதனால் எங்கள் வீட்டு வரிசையில் அவரிடம் மணி கேட்க யாரும் துணிவதில்லை.

ஆனால் அவர் இறைச்சி நிறுப்பதைப் பார்க்க எல்லாரும் போவோம். காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீடுகள் பதினொன்று ஒரே வரிசையாக இருந்தன. கடைசி அறை அவருடையது. அதன் பின்பக்கம் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, மருந்து நிறுக்கும் கைத்தராசை எடுப்பார். பித்தளைத் தட்டு உள்ளங்கை அகலம்தான். ஒரு தடவைக்கு இரண்டு அவுன்ஸுக்கு மேல் தாங்காது. நாய்க்கு ஒரு நாளைக்கு இருபத்து நான்கு அவுன்ஸ். ஆகவே பன்னிரண்டு தடவை நிறுப்பார். ஒவ்வொரு தடவையும் முள் நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வார். நாங்களும் அடக்கிக்கொள்வோம். காலையில் மரவள்ளிக் கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு, பொழுது சாய்ந்தால் அதன் கீரை என்று தின்றுகொண்டிருந்த முப்பத்தேழு பேர், ஒரு நாய் சாப்பிடப்போகும் பச்சை இறைச்சியைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றோம். நாய் எங்களைவிட மரியாதையாக உட்கார்ந்திருக்கும்.

போருக்கு முன்னால் அவர் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தார். மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரையைத் தொழிலாளிகள் விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரியை மூடியதும் ஒரு தகரப் பெட்டியோடும் அந்தத் தராசோடும் எங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். குடும்பம் இல்லை. பெயரை யாரும் கேட்டதில்லை, டிரெசர் என்றால் போதுமாயிருந்தது.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. "ஏறக்குறைய" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிப்போகும்.

"ஏறுதா, குறையுதா? ஒண்ணைச் சொல்லும்மா" என்பார்.

நாய் அவரிடம் வந்து சேர்ந்ததே இந்தக் குணத்தால்தான்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் ஓர் அதிகாரி எங்கள் வரிசைக்கு வந்தான். வட்டக் கண்ணாடி போட்டவன், பாசார்க் கடைகளில் பேசுகிற மாதிரி மலாய் பேசுவான். எங்களை எல்லாம் வெளியே வரச் சொல்லி நிற்க வைத்தார்கள். இடுப்பு வளைத்து வணங்கினோம்.

"இந்த வரிசையில் எத்தனை பேர்?" என்று மலாயில் கேட்டான்.

வரிசைக்குப் பெரியவராக இருந்த கங்காணி, "ஏறக்குறைய நாப்பது, துவான்" என்றார்.

பின்னாலிருந்து ஓர் இருமல். டிரெசர் ஐயா குனிந்தபடியே, "முப்பத்தேழு, துவான். முப்பத்தெட்டாவது ஆள் வர இன்னும் ஆறு மாசம் இருக்கு" என்றார்.

அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். வரிசையில் கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்தவள் நான் ஒருத்திதான். இரண்டு நாளைக்கு முன்னால் வாந்தி நிற்க என்ன செய்வது என்று அவரிடம் ரகசியமாகக் கேட்டிருந்தேன். என் மாமியார் குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பி என் வயிற்றைப் பார்த்தார். தனக்குப் பேரப்பிள்ளை வரப்போவது ஜப்பான்காரனுக்குத் தெரிந்த அதே நிமிஷத்தில்தான் அவருக்கும் தெரிந்தது. அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

அதிகாரிக்கு டிரெசரைப் பிடித்துப்போயிற்று. அவன் குடியேறிய பங்களாவில் ஒரு வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய நாய் இருந்தது. பெரிய கறுப்பு நாய். அதற்குக் குரோ என்று, அவர்கள் பாஷையில் கறுப்பு என்று, பெயர் வைத்திருந்தான். பழைய பெயர் வேறு ஏதோ இருந்ததால், சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் அது குரோ என்றால் திரும்பிப் பார்க்காது. அதிகாரி ஊர் ஊராகப் போகிறவன், நாயை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது.

"அறுபது ராத்தல் எடை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எடையில் நாற்பதில் ஒரு பங்கு தினமும் இறைச்சி. பச்சையாகத்தான் கொடுக்க வேண்டும். சமைத்தால் நாய் கெட்டுவிடும்" என்றான். இடுப்பில் இருந்த வாளின் பிடியைத் தட்டிக் காட்டினான். மீதி எங்களுக்குப் புரிந்தது.

அறுபதில் நாற்பதில் ஒரு பங்கு ஒன்றரை ராத்தல், அதாவது இருபத்து நான்கு அவுன்ஸ். அதை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். அந்த இருபத்து நான்கில் எலும்பு எவ்வளவு, ஈரல் எவ்வளவு என்பதை அதிகாரி சொல்லவில்லை. டிரெசர் ஐயா மூன்று வாரம் பாடுபட்டு அதைக் கண்டுபிடித்தார். தினமும் காலையில் நாயின் பின்னால் ஒரு குச்சியோடு போவார். அது போட்டதைக் கிளறிப் பார்த்து நோட்டில் எழுதுவார். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல உதிர்ந்தால் எலும்பு அதிகம். கறுத்து இளகினால் ஈரல் அதிகம். தோட்டத்தில் முந்நூறு தொழிலாளிகளுக்குச் செய்ததைத்தான் இப்போது ஒரு நாய்க்குச் செய்தார், அதே முகத்தோடு. கடைசியில் ஒரு நாள் எங்கள் வாசல் வழியாகப் போகும்போது நின்று, "இருபது தசை, மூணு எலும்பு, ஒண்ணு ஈரல். இன்னிக்கு அருமையா போயிருக்கு" என்றார். நாங்கள் கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இறைச்சி வெட்டும் இடத்திலிருந்து வந்த பொட்டலம் ஒன்றரை ராத்தல் இல்லை. இரண்டு ராத்தல். அதிகாரி ஆள்விட்டுச் சொன்னபோது முழு எண்ணாகச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. தினம் எட்டு அவுன்ஸ் மிஞ்சியது. அந்த எட்டு அவுன்ஸை டிரெசர் ஐயா மறுபடி இலையில் கட்டி, ஒன்றரை மைல் நடந்துபோய், இறைச்சி வெட்டும் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

வரிசையில் சண்டையே வந்தது. கங்காணி அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"நாய்க்கு ஒன்றரை, வர்றது ரெண்டு. மிச்சம் யாருக்குங்க?"

"யாருக்கும் இல்ல. அது தப்பா வந்தது."

"பாய் வாங்கிக்கிறாரா?"

"மொத ரெண்டு நாள் வேணாம்னாரு. இப்ப வாசல்லயே நிக்கிறாரு."

கங்காணி வழியை விட்டு நகர்ந்து எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாய்க்கு எடை பார்க்கும் நாள். பக்கத்தில் மூடிக்கிடந்த ரப்பர் கிடங்கில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. குரோ அதில் தனியாக நிற்காது. டிரெசர் ஐயா அதைக் கன்றுக்குட்டி போலத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறுவார். வரும் எடையிலிருந்து தன் எடை நூற்றெட்டைக் கழிப்பார். அறுபது வரும். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்ததால், நானும் மாமியாரும் போவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கழித்தபோது ஐம்பத்தேழு வந்தது. மறுபடி ஏறினார். ஐம்பத்தேழுதான். நாயை இறக்கிவிட்டுக் கிடங்கின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் விலா எலும்பைத் தடவினார், ஈறைத் தூக்கிப் பார்த்தார், நோட்டை முதலிலிருந்து புரட்டினார்.

"ஒரு அவுன்ஸும் குறைக்கலியேம்மா. மூணு ராத்தல் எங்க போச்சு?"

அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. அதிகாரி வர நான்கு நாள்தான் இருந்தது. எனக்கு அவருடைய சட்டைக் காலர் கண்ணில் பட்டது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் என் கையே போகும்.

"ஐயா, நீங்க மட்டும் ஏறிப் பாருங்களேன்" என்றேன்.

ஏறினார். நூற்றைந்து. முள்ளை இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு அப்படி ஒரு சிரிப்பு அவரிடமிருந்து வந்தது. அவர் பல் அவ்வளவு வரிசையாக இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"நாய் குறையலம்மா. நான்தான் குறைஞ்சிருக்கேன்."

நாயின் தலையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வீடுவரை சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். என் மாமியார் மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஆறாம் மாதம் எனக்குக் கால் வீங்கியது. என் வீட்டுக்காரர் பத்து பெரெண்டாம் விமானத் திடலில் மண் வெட்டப் போயிருந்தார், வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மாமியார் டிரெசரைக் கூப்பிட்டார். அவர் என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். குழி அப்படியே நின்றது. அது நிரம்பும்வரை கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"நாப்பத்தொரு விநாடி" என்றார். பெரிபெரி என்றார், சத்தில்லாத சாப்பாட்டால் வருவது. இதயத்துக்கு ஏறினால் தாயும் தாங்காது, பிள்ளையும் தாங்காது என்று அவருக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். மாத்திரை இருந்த காலத்தில் மாத்திரை கொடுத்திருப்பார். இப்போது வேறென்ன கொடுக்கலாம் என்று மாமியார் கேட்டார்.

"ஈரல்" என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

இரண்டு நாள் நோட்டைப் புரட்டிப் புரட்டிக் கணக்குப் போட்டார். மூன்றாம் நாள் காலையில் இலைப் பொட்டலத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இன்னிக்கு வந்த பொட்டலத்துல ஈரல் ஒன்பது அவுன்ஸ். நாய்க்கு ஒண்ணுதான் ஆகும். மேல போனா அதுக்கு வயித்தக் கலக்கும். இதைத் திருப்பிக் குடுத்தா நாளைக்கு மறுபடி நாய்க்கே வந்துரும். அதனால இதைப் புதைச்சிடணும். புதைச்சிடும்மா" என்று என் கையில் கொடுத்தார். பெரிய பாரத்தை இறக்கிவைத்த மாதிரி நடந்து போனார்.

நான் புதைத்தேன். எனக்கு அப்போது இருபது வயது, பெரியவர்கள் சொன்னால் செய்கிறவள். பப்பாளி மரத்தடியில் ஒரு முழம் தோண்டிப் புதைத்து மேலே கல்லும் வைத்தேன். மறுநாளும் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளும் புதைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் ஒரு கையில் குச்சியும் ஒரு கையில் நோட்டுமாக வந்து நின்றார்.

"கறுத்து, தண்ணியா போயிருக்கு. ரெண்டு நாளா அப்படித்தான். ஏம்மா, நீ எங்க புதைச்சே?"

"பப்பாளி மரத்தடியில, ஐயா."

போய்ப் பார்த்தோம். கல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். குரோ வாலை ஆட்டியது.

டிரெசர் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். "அந்த இடம் இல்லம்மா" என்றார். "நாய் தோண்ட முடியாத இடமாப் பார்த்துப் புதை." தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன்னை எங்க புடிச்சானோ என் மவன்" என்றார். அன்றைக்கு வந்த பொட்டலத்தை அவரே வாங்கினார். வாங்கும்போது, "டிரெசரு, இது ஆடா? இல்ல, வேறயா?" என்று கேட்டார்.

"கேக்காதீங்க. கேட்டா சொல்லிடுவேன்."

மாமியார் கேட்கவில்லை. தேங்காய் ஓட்டுக் கனலில் சுட்டு, உப்புத் தூள் தூவி, என் வாயில் ஊட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து நாளில் என் காலில் குழி பன்னிரண்டு விநாடிக்கு வந்தது. அதையும் அவர் எழுதிவைத்தார், நாயின் கணக்குக்குப் பக்கத்தில்.

அதிகாரி வந்தபோது நாய் சரியாக அறுபது ராத்தல் இருந்தது. சந்தோஷமாக நோட்டை வாங்கிப் புரட்டினான். டிரெசர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார், அவன் கொஞ்சம் படிப்பான். ஒரு பக்கத்தில் விரலை வைத்தான்.

"முன்னால் திருப்பிக் கொடுத்தது எட்டு அவுன்ஸ் என்றிருக்கிறது. இப்போது புதைக்கச் சொன்னது எட்டு அவுன்ஸ் என்றிருக்கிறது. புதைத்தார்களா?"

நாங்கள் எல்லோரும் குனிந்து நின்றோம். டிரெசர் ஐயா வாயைத் திறந்தார். ஆமாம் என்ற ஒரே வார்த்தை போதும்.

"ரெண்டு நாள் புதைச்சாங்க, துவான். அதை நாய் தோண்டித் தின்னுருச்சு. பதினேழு நாள் இந்தப் பொண்ணு சாப்பிட்டுது" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தான். என் வயிற்றைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஒரு நாளைக்கு ஒன்று என்று பதினேழு அறை. என்னைத் தொடவில்லை, அவரைத்தான். "இச்சி" என்றான், ஓர் அறை. "நி" என்றான், இன்னொன்று. தினமும் விடிந்ததும் எங்களை உடற்பயிற்சிக்கு நிற்கவைத்து எண்ணச் சொன்னதால் அந்த எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். குரோ இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி ஓடியது.

பதினொன்று வரை வந்தான். மூச்சு வாங்கியது. கையை உதறிக்கொண்டு, "ஜூசான்" என்று அடுத்ததை ஓங்கினான்.

"ஜூநி விட்டுப்போச்சு, துவான்" என்றார் டிரெசர் ஐயா.

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. கங்காணி வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொன்னார். டிரெசர் ஐயா கன்னத்தைக் காட்டியபடி அப்படியே நின்றார். அது துணிச்சல் என்று நான் நினைக்கவில்லை. பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று வருவதை அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி வெகுநேரம் அவரைப் பார்த்தான். பிறகு பன்னிரண்டைக் கொடுத்தான். அங்கிருந்து பதினேழு வரை ஒழுங்காக எண்ணி முடித்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இனிமேல் பொட்டலம் இருபத்து நான்கு அவுன்ஸ்தான் வரும், ஓர் அவுன்ஸ் கூட வராது, நாய் இருபத்து நான்கும் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. ஜப்பான்காரன் மேல்கூட அவ்வளவு வரவில்லை. மாமியார் உப்பை வறுத்துத் துணியில் கட்டி அவர் கன்னத்தில் ஒற்றினார்.

"ஒரு பொய் சொன்னா என்ன, டிரெசரு? புள்ளத்தாச்சிக்காக ஒரு பொய்."

அவர் வீங்கிய வாயால் மெதுவாகப் பேசினார். "சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். பதினேழுன்னு வந்துருச்சு."

மறுநாளிலிருந்து எனக்கு ஈரல் இல்லை. என் காலில் குழி மறுபடி இருபதைத் தாண்டியது. ஐந்தாம் நாள் டிரெசர் ஐயா விடிய வெகுநேரம் இருக்கும்போதே எங்கேயோ நடந்து போனார். ஒன்பது மணிக்குள் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார், கையில் தென்னோலைக் கூடை. அதில் விரல் நீளத் தம்பான் மீன்கள்.

உஜோங் பாசிர் கடற்கரைக்குப் போயிருக்கிறார். மீன்பிடிக்கிறவர்களுக்குக் காலில் முள் குத்திச் சீழ் பிடிக்கும். அதைக் கீறிக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, கூலியாக மீன் வாங்கி வந்திருக்கிறார். மணையில் உட்கார்ந்தார், பொட்டலத்தைப் பிரித்தார். அன்றைக்கு அதில் ஈரல் ஆறு அவுன்ஸ் இருந்தது. ஓர் அவுன்ஸை நாய்க்கு வைத்தார். ஐந்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பச்சை மீன் ஐந்து அவுன்ஸ் நிறுத்துப் போட்டார். கடைசி மீனின் வாலை இரண்டு தடவை நறுக்க வேண்டியிருந்தது.

"நாய்க்கு இருபத்து நாலு. சரியா?" என்று என்னைக் கேட்டார்.

"சரிங்கய்யா."

"அப்ப இந்த அஞ்சு நாயோடது இல்ல. என் மீனோடது. என் மீனை நான் யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போக மூன்று மைல், வர மூன்று மைல். பிள்ளை பிறக்கும்வரை ஒரு நாள் விடாமல் நடந்தார். ஈரல் வராத நாட்களில் அந்த மீனை எனக்கே கொடுத்துவிடுவார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். ஈரல் வெளியே ஐந்து, மீன் உள்ளே ஐந்து. அதிகாரி அடுத்த தடவை வந்து அந்தப் பக்கங்களை ஒரு சிகரெட் முடியும்வரை படித்தான். விரலால் வரி வரியாகக் கூட்டிப் பார்த்தான். தப்பு கிடைக்கவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு நாயோடு கொஞ்ச நேரம் பந்து விளையாடினான்.

பெண் குழந்தை பிறந்தது. டிரெசர் ஐயா வாசலில் வந்து நின்று எடை என்ன என்று கேட்டார். பச்சைப் பிள்ளைக்கு எடை பார்த்தால் கண் பட்டுவிடும் என்று மாமியார் கதவைச் சாத்தினார். அவர் தினம் வந்தார், தினம் கேட்டார், தினம் கதவு சாத்தியது. முப்பத்தோராம் நாள் மாமியாரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரைக் கிடங்குக்குக் கூப்பிட்டார்.

"எழுதிக்குங்க, டிரெசரு."

"கண்ணு பட்டுரும்னீங்களே?"

"உங்க கண்ணு படட்டும்."

பிள்ளையோடு மாமியாரை ஏற்றினார். பிறகு மாமியாரைத் தனியாக ஏற்றினார். ஏழரை ராத்தல் என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.

ஜப்பான்காரன் போன பிறகு, திரும்பி வந்த வெள்ளைக்காரர்கள் அவனுக்கு வேலை செய்தவர்கள் யார் யார் என்று விசாரித்தார்கள். ஊரே பட்டினி கிடந்தபோது ஜப்பான் நாய்க்கு இறைச்சி போட்டவர் என்று டிரெசர் ஐயா மேல் யாரோ மொட்டைக் கடுதாசி எழுதிவிட்டார்கள். பண்டார் ஹிலிரில் ஒரு கட்டடத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். சாட்சி சொல்ல நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடப் போனேன். அதிகாரி விட்டுவிட்டுப் போன குரோவும் வந்தது. அதை வாசல் தூணில் கட்டிப் போட்டோம்.

மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. துரை நோட்டைப் புரட்டிவிட்டு ஏதோ கேட்டார்.

"இத்தனை நாள் இறைச்சி உங்க கையில இருந்திருக்கு. உங்களுக்குன்னு எவ்வளவு எடுத்துக்கிட்டீங்கன்னு தொரை கேக்குறாரு" என்றார் கிராணி.

நான் முந்திக்கொண்டேன். "ஒண்ணுமே எடுக்கலீங்க. எனக்குத்தான் குடுத்தாரு. இந்தப் புள்ளைக்காக." மீன் கணக்கை எல்லாம் சொன்னேன். துரை கேட்டுக்கொண்டே தலையசைத்தார். எடுக்கவில்லை என்று எழுதப் பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

"கால் அவுன்ஸ்" என்றார் டிரெசர் ஐயா.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"ஈரல் நின்ன மறுநாள். நிறுக்கும்போது தட்டுல இருந்து ஒரு துண்டு கீழ விழுந்துச்சு. மண்ணு ஒட்டிக்கிச்சு. மண்ணு பட்டதை நாய்க்குக் குடுக்கக் கூடாது. தூக்கிப் போடலாம்னுதான் எடுத்தேன்."

"போட்டீங்களா?" என்று கிராணி கேட்டார்.

"வாயில போட்டேன்."

"பச்சையாவா?"

"ஆமாங்க." அவர் நோட்டைக் காட்டினார். "அன்னிக்கு நாய் தின்னது இருபத்து மூணே முக்கால். நோட்டுல இருபத்து நாலுன்னு எழுதியிருக்கேன். அது தப்பு. தொரை கிட்ட பேனா வாங்கிக் குடுத்தா திருத்திடுவேன்."

கிராணி அதை மொழிபெயர்க்க நேரமெடுத்தது. துரை முதலில் சிரித்தார். பிறகு அவரை மறுபடி ஒரு தடவை பார்த்தார். அந்த எலும்பான கழுத்தை, தொளதொளத்த சட்டையை. சிரிப்பை நிறுத்திக்கொண்டு பேனாவை நீட்டினார். டிரெசர் ஐயா பக்கத்தைத் தேடிப் பிடித்து, இருபத்து நான்கை அடித்து, மேலே இருபத்து மூன்றே முக்கால் என்று எழுதி, மை காயும்வரை ஊதினார். அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நாயை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும் அவர் நின்றார். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நானும் நின்றேன்.

"அந்தக் கால் அவுன்ஸ்" என்றார்.

"என்னங்கய்யா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

ரொம்ப என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.